போட் முழுக்கப் பிள்ளையார் சுழி

பிரிம்லி ரோட்டில் தெற்குப் பக்கமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், ரோட்டு முடிகிற இடத்தில் ஏரி தொடங்கும். ஸ்காபரோவில் வளர்ந்த எங்களில் அந்த இறக்கத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ப்ளஃபர்ஸ் பார்க். கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் கூலர், பாபிக்கியூ அடுப்பு, ஊறப்போட்ட கோழி, பாய், அப்பம்மாவின் மடக்குக் கதிரை எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே போய் இடம் பிடிப்போம். ஏரிதான், ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘கடற்கரை’. அதே பார்க்கில், சாப்பாட்டு மேசைகளில் இருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், நூற்றுக்கணக்கான பாய்மரங்கள் குத்திட்டு நிற்கும். முப்பது வருஷமாக அதைப் படம் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் எங்களுக்கு உரியது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பின்னால் நிற்கிற வெளிறிய மண்மலைக்கு ஒரு சின்னக் கதை உண்டு. 1793இல் அப்பர் கனடாவின் துணை ஆளுநருடைய மனைவி எலிசபெத் சிம்கோ இந்த மேட்டைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்தில் யோர்க்‌ஷயர் கரையில் இருக்கிற ஸ்காபரோவை நினைத்துக்கொண்டார். அந்தப் பெயரே இந்த ஊருக்கு ஒட்டிக்கொண்டது. வந்த இடத்துக்கு விட்டுவந்த நாட்டின் பெயரைச் சூட்டுகிற வருத்தம் எங்களோடு தொடங்கியதில்லை.

2022 செப்டெம்பரில் என்னோடு வேலை செய்த ஒருவர் ஓய்வு பெற்றார். முழங்கால் ஏலாது, பாய்ப்படகைக் கொடுக்கப் போகிறேன் என்றார். 3,500 டொலர். பழைய கார் ஒன்றின் விலைகூட இல்லை. வீட்டில் சொன்னபோது மனைவி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “பேஸ்மன்ற் பாத்ரூம் ரெண்டு வருசமா அரைகுறையா நிக்குது, தெரியுமோ?” என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். பாத்ரூம் இன்னும் அரைகுறையாகத்தான் நிற்கிறது.

நீங்களும் இப்படி ஒன்றை வாங்க நினைத்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய போட்டின் விலை அந்த 3,500 இல்லை. கோடையில் கட்டி வைக்கக் காசு, ஒக்டோபரில் கிரேனால் தூக்கக் காசு, குளிர்காலம் முழுவதும் தாங்கு சட்டத்தில் நிறுத்திவைக்கக் காசு, வசந்தத்தில் திரும்ப இறக்கக் காசு. முதல் வருஷத்திலேயே வாங்கின விலையைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் திருத்தவேலை.

போட் சி அன்ட் சி 27. 1975இல் நயாகரா-ஒன்-த-லேக்கில் கட்டியது, 27 அடி நீளம். அந்தக் கம்பனியின் கதை எனக்குப் பிடிக்கும். ஜோர்ஜ் ஹின்டர்ஹோலர் ஒஸ்திரியாவில் இருந்து வந்து நயாகரா-ஒன்-த-லேக்கில் படகு கட்டியவர். எரிக் புருக்மன் ஜெர்மனியில் இருந்து வந்தவர். கத்பெர்ட்சன், கசியன் என்ற இருவர் வரைபடம் போடுகிறவர்கள். இவர்களும் பெல்வில்லில் இருந்த ஒரு படகுத்தளமும் 1969இல் ஒன்றாகச் சேர்ந்துதான் சி அன்ட் சி உருவானது. அதற்கு முன்பே, 1966இல், இந்தக் கூட்டத்தில் சிலர் சேர்ந்து ‘ரெட் ஜக்கெட்’ என்ற ஒரு பந்தயப் படகைச் செய்திருந்தார்கள். இரண்டு பைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவில் பால்சா மரத்தை வைத்துக் கட்டிய இலேசான படகு. 1968இல் அது தெற்கே போய், புளோரிடாப் பக்கத்தில் நடக்கிற பெரிய பந்தயத் தொடரில் அமெரிக்கர்களை வென்றது. அந்தத் தொடரைக் கனடியப் படகு வென்றது அதுதான் முதல்தடவை. நயாகராத் தொழிற்சாலை 1994இல் தீப்பிடித்து அழிந்துபோனது. ஆனால் அங்கே கட்டின படகுகள் ஐம்பது வயதிலும் ஒன்ராறியோ ஏரி முழுக்க மிதக்கின்றன.

என்னுடைய போட்டிலும் மேல்தட்டு அப்படித்தான்: மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் குறுக்காக அறுத்து நிமிர்த்தி அடுக்கின பால்சாத் துண்டுகள். பால்சா மிக இலேசான மரம். மரநார் நிமிர்ந்து நிற்பதால் மேலே ஆள் நடந்தாலும் நசியாது. தண்ணி படாதவரை அதற்குச் சாவே இல்லை. ஆனால் ஐம்பது வருஷத்தில் எத்தனை கைகள் அதில் ஓட்டை போட்டிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். கைபிடிக் கம்பியின் காலுக்கு நாலு போல்ட், கயிறு கட்டுகிற கொம்புக்கு இரண்டு, யாரோ ஒருவர் மீன் தூண்டில் நிறுத்தப் போட்டது, இன்னொருவர் கழற்றிவிட்டு மூடாமல் போனது. ஓட்டையைச் சுற்றிப் பூசின பசை பத்துப் பதினைந்து வருஷத்தில் காய்ந்து வெடிக்கும். அந்த மயிரிழை வெடிப்பால் மழைத்தண்ணி உள்ளே இறங்கும். வெளியேற வழி இல்லை. இங்கே குளிர்காலம் வேறு: இறங்கின தண்ணி உறைந்து பருத்து, தோலையும் மரத்தையும் பிரித்துவிடும். அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் இடம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெள்ளையாக, பளபளப்பாக இருக்கும். படகு கட்டினவர்களில் பிழை சொல்லவும் ஏலாது, ஓட்டை போட்டவர்கள் பிறகு வந்தவர்கள்.

ஏரி போட்டை உக்கவைக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் மழைதான் உக்கவைக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கிற வழி தட்டிப் பார்ப்பது. சின்னச் சுத்தியலின் பிளாஸ்ரிக் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்ட வேண்டும். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாகப் பேசும். உக்கின இடம் ‘தொப்’ என்று சொல்லி அடங்கிவிடும். 2023 ஏப்ரலில் யார்ட்டில் பனி கரைந்ததும் நான் போய் ஒரு மணித்தியாலம் தட்டினேன். எல்லாம் எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

இங்கேதான் அப்பா வருகிறார்.

அப்பா வல்வெட்டித்துறையில் பிறந்தவர். அவருடைய தகப்பன் ஓடாவி, கப்பல் கட்டுகிற தச்சர். இந்த இரண்டு வரிக்கு மேல் எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அப்பா கடலைப் பற்றிக் கதைக்கிறவர் இல்லை. 1986இல் ஒரு இரவு, என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பிளாஸ்ரிக் போட் ஒன்றில் இந்தியாக் கரைக்குப் போனவர். எனக்கு மூன்று வயது, ஒரு நினைவும் இல்லை. அம்மாவுக்கு எல்லாம் நினைவிருக்கு, சொல்லமாட்டா. அதற்குப் பிறகு அப்பா தண்ணியில் கால் வைத்ததை நான் பார்க்கவில்லை. ப்ளஃபர்ஸ் பார்க்கிலும் அவர் கதிரை ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் இருக்கும். புகை அந்தப் பக்கம் வருகுது என்று காரணம் சொல்லுவார். நான் போட் வாங்கினதைச் சொன்னபோது, “காசு கூடிப்போச்சோ?” என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அன்றைக்கு அவர் யார்ட்டுக்கு வந்ததுகூட மகளை இறக்கிவிடத்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து அப்பப்பாவின் காரில் வந்தாள். அவர்கள் இருவரும் காரில் எப்படிக் கதைப்பார்கள் என்று எங்கள் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்: அவர் தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் முடிப்பாள். பிறகு ரேடியோ.

நான் ஏணிக்கு மேலே நின்று தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் போல. “உப்பிடியே தட்டுறது? கதவு தட்டுற மாதிரி?” என்றார். பிறகு, எழுபத்தைந்து வயது மனுசன், ஏணியில் ஏறி வந்துவிட்டார்.

அவருக்குக் காது மந்தம். இரண்டு காதிலும் கருவி. ஆனால் தட்டுவதற்கு முதல் அவர் செய்தது, இடது உள்ளங்கையைத் தட்டில் விரித்து வைத்ததுதான். சுத்தியலை இரண்டு விரலில் தொங்கவிட்டு, தன் பாரத்தில் தானாக விழ விட்டார். பலாப்பழம் தட்டுகிற மாதிரி, சட்டிபானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிற மாதிரி. கையை நகர்த்தி நகர்த்தி அரை அடி போனார். ஒரு இடத்தில் நின்றார். “பிள்ளை, இஞ்சை வா. காதைக் குடு. எனக்குக் கை சொல்லுது, காது கேக்கேல்லை. உனக்கு என்ன கேக்குது?”

அவள் தட்டில் காதை வைத்துப் படுத்தாள். அவர் தட்டினார். இங்கே ஒன்று, தள்ளி ஒன்று. “இது... இது டெட்” என்றாள்.

“செத்துப்போச்சு எண்டு சொல்லு. உள்ளுக்கு உக்கல்.”

அப்படித்தான் வேலை தொடங்கியது. அவர் தட்ட, அவள் கேட்க. உக்கின இடத்தைக் குறிக்க என்னிடம் இருந்தது நீலச் சோக்கட்டி. அவள் ஒவ்வொரு இடத்திலும் ‘உ’ என்று எழுதினாள், உக்கலுக்கு. அன்று காலை வகுப்பில் என்ன படிப்பித்தார்களோ, அந்த ‘உ’வின் வால் நல்ல வடிவாக நீண்டிருந்தது. மூன்று மணித்தியாலம். இடையில் நான் இறங்கிப்போய்க் கோப்பி வாங்கி வந்தேன், அவர்கள் கவனிக்கவில்லை.

பின்னேரம் அம்மா சாப்பாடு கொண்டுவந்தபோது ஏணியில் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தா. இடது பக்கம் முழுக்க ‘உ’, ‘உ’, ‘உ’. “இதென்னப்பா, போட் முழுக்கப் பிள்ளையார் சுழி போட்டு வைச்சிருக்கிறியள்?” என்றா. அப்பா சிரித்ததில் ஏணி ஆடியது.

நாற்பத்தொரு சுழி. எண்ணிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு இடங்களில் ஓட்டையைச் சுற்றிக் கையளவு, அது சின்ன வேலை. ஆனால் இடது பக்க நடைபாதையில் மூன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம் தொடர்ச்சியாகப் போயிருந்தது. கைபிடிக் கம்பியின் கால் ஒன்று அதன் நடுவில் நின்றது. என் ஏழு வயது மகன் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிற கம்பி. இதை ஒருவரும் பார்க்காமல் தண்ணியில் இறக்கியிருந்தால் என்று நினைத்து அன்று இரவு நித்திரை வரவில்லை. விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். யார்ட்டில் ஒருவரிடம் விலை கேட்டேன். அவர் சொன்ன தொகை போட்டின் விலையைப்போல இரண்டு மடங்கு.

நாங்களே வெட்டினோம். மேல் தோலை மட்டும் கிரைண்டரால் சுற்றி அறுத்து, ஒரு மூடியைப்போலக் கிளப்பி எடுக்க வேண்டும். கீழ்த் தோலில் படக்கூடாது. கண்ணாடி நார்த் தூசி தோலில் ஏறினால் இரண்டு நாள் கடிக்கும், நெஞ்சுக்குள் போனால் அதைவிடக் கூடாது. நல்ல மாஸ்க், கண்ணாடி, முழுக்கை உடுப்பு, பிள்ளைகள் தூரத்தில். மூடி கிளம்பியபோது வந்த மணம் மறக்காது. பால்சா கறுத்து, ஊறின புண்ணாக்கைப்போலக் கரண்டியில் வந்தது. அப்பா ஒரு துண்டைப் பிழிந்து பார்த்தார். தண்ணி சொட்டியது. எங்கள் ஊர்த் தண்ணி இல்லை, எத்தனையோ வருஷத்து ஸ்காபரோ மழை.

“நல்ல தண்ணி” என்றார், விரலை மணந்துவிட்டு. “உப்புத்தண்ணி எண்டா இவ்வளவுக்கு உக்காது. உப்பு மரத்தைக் காக்கும். ஐயா மழைக்குத்தான் பயப்பிடுறவர், கடலுக்கு இல்லை.” ஐயா என்றது தன் தகப்பனை. அந்த ஒரு வசனம் எனக்கு அதுவரை கிடைத்ததைவிடக் கூட. ஐயா பலகைகளுக்கு இடையில் நாரை அடித்து இறுக்குவதைக் கலப்பத்து என்பது, மாரி தொடங்க முதல் கரையில் ஏற்றிய கப்பல்களை ஓலையால் மூடுவது, சிறுவனாக அப்பாவின் வேலை கலப்பத்து நாரைத் திரித்துக் கொடுப்பது என்றெல்லாம் அடுத்த சில வாரங்களில் துண்டு துண்டாக வந்தது. கேட்டால் வராது. கையில் வேலை இருக்கும்போது தானாக வரும்.

அன்னபூரணியைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, தன் மனைவியின் பெயரில் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று மாற்றினார். எங்கள் ஊர்க் கடலோடிகளே அதை ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குளொஸ்டர் மசாசூசெட்சில் இருக்கிறது, எங்களுக்கு ஒரு நாள் கார் ஓட்டம். மகள் போனில் தேடிப் படத்தை எடுத்துக் காட்டினாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, கப்பலைப் பார்க்காமல் பாய்மரக் கயிறுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

புதுப் பால்சா ஒட்டுவது எப்பொக்சியில். இரண்டு திரவம், அளந்து கலக்க வேண்டும். கெட்டியாக்க ஒரு வெள்ளைத் தூள். எந்த அளவுக்குக் கெட்டி என்பதற்குப் புத்தகங்களில் தேன், மயோனீஸ் என்று எழுதியிருக்கும். எங்கள் யார்ட்டில் தோசைமாப் பதம், வடைமாப் பதம் என்று இரண்டு இருந்தது. ஓட்டைக்குள் ஊற்ற முதலாவது, துண்டுகளைப் பதிக்க இரண்டாவது. முதல் நாள் அவசரத்தில் ஒரு பெரிய டப்பா நிறையக் கலந்துவிட்டேன். எப்பொக்சி இறுகும்போது சூடாகும். ஒரே பாத்திரத்தில் கனக்க இருந்தால் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழி இல்லை. ஐந்து நிமிடத்தில் டப்பா புகைக்கத் தொடங்கியது. வெளியே கல்லில் கொண்டுபோய் வைத்துவிட்டு நாலு பேரும் தள்ளி நின்று பார்த்தோம். டப்பா உருகி வளைந்தது. “அம்பது டொலர்” என்றார் அப்பா. அதற்குப் பிறகு தேத்தண்ணிக் கப் அளவுக்கு மேல் கலந்ததில்லை.

குளிரில் எப்பொக்சி இறுகாது என்பதால் மே கடைசி மட்டும் காத்திருந்தோம். பழைய மூடியையே திரும்பப் பதித்து, விளிம்புகளைச் சரிவாகச் சீவி, மேலே கண்ணாடி நார்த் துணி மூன்று அடுக்குப் போட்டோம். போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகத் தோண்டி, எப்பொக்சியால் நிரப்பி, அது இறுகின பிறகு நடுவில் சின்ன ஓட்டை போட்டோம். இனி அதில் தண்ணி இறங்கினாலும் மரத்தைத் தொடாது. கம்பிக் காலுக்குக் கீழே பியூட்டைல் ரேப், சூயிங்கம் மாதிரி இழுபடுகிற கறுப்புப் பசை. நாற்பத்தொரு சுழிக்கும் மூன்று மாதம்.

மற்ற வேலைகளை நீட்டப்போவதில்லை. பாய்மரத்தைத் தாங்குகிற கம்பிகளைப் புதிதாக்கினோம். அடியில் இருந்த பழைய பித்தளை வால்வுகளைக் கழற்றி வெண்கல வால்வுகள் போட்டோம். இயந்திரம் அட்டோமிக் 4, பெற்றோல். பெற்றோல் ஆவி போட்டின் அடியில் தங்கும் என்பதால் ஸ்டார்ட் பண்ண முதல் நாலு நிமிடம் காற்றாடியை ஓடவிட வேண்டும். அது மகனின் வேலை. மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிடம் ஐம்பத்தொன்பது செக்கனிலும் விடமாட்டான்.

ஓகஸ்ட் இரண்டாம் கிழமைதான் தண்ணியில் இறக்கினோம். அரைவாசிக் கோடை போய்விட்டது. இங்கே கோடையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கில் இருந்துதான் வரும். அப்பா துறைப் பலகையில் நின்றபடி முகத்தைத் திருப்பிப் பார்த்து, “சோழகம்” என்றார். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் நாலையும் எழுதித் திசைகாட்டியைச் சுற்றி ஒட்டினாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி வந்தபோது, கடும் தீவிரமாக, “டுடேய்ஸ் விண்ட் இஸ் சோழகம்” என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். நான் திருத்தப் போகவில்லை.

அப்பா ஏறவில்லை. கேட்டோம். “நீங்கள் போயிட்டு வாங்கோ” என்றார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினா, அதற்குமேல் கேட்கவேண்டாம் என்று.

போன ஜூலையில் போட்டை அது பிறந்த இடத்துக்கே கொண்டுபோனோம். ப்ளஃபர்ஸில் இருந்து நயாகரா-ஒன்-த-லேக் 30 கடல்மைலுக்குள். ஏரிக்குக் குறுக்கே, ஆறு மணித்தியாலம். பின்னால் மண்மலை வெள்ளைக் கோடாகி மறைந்தாலும் சிஎன் கோபுரம் மட்டும் போகமாட்டேன் என்று நின்றது. பாதி வழியில் ஒரு நல்ல மழை. மனைவி உள்ளே போய், இடது பக்கக் கட்டிலுக்கு மேலே கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, “காய்ஞ்சுதான் இருக்கு” என்றாள். பேஸ்மன்ற் பாத்ரூமுக்குப் பிறகு என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

நயாகரா ஆற்று வாயில் திரும்பியபோது, துறைப் பலகையில் அப்பா நின்றார். காரில் சுற்றி வந்து இரண்டு மணித்தியாலமாகக் காத்திருக்கிறாராம். அம்மாவும் ரோல்ஸ் பெட்டியும் பின்னால். மகள் கயிற்றை எறிந்தாள். அவர் பிடித்து, பார்க்காமலே ஒரு முடிச்சைப் போட்டார். எனக்கு அந்த முடிச்சுத் தெரியாது. யூடியூப்பில் படித்த என் முடிச்சுகளில் ஒன்றும் அப்படி இல்லை. பிறகு அவர் குனிந்து, துறையில் நின்றபடியே, உள்ளங்கையை மேல்தட்டில் விரித்து வைத்து, விரல் மொழியால் இரண்டு தரம் தட்டினார். “முன்னுக்கு, அணியத்துப் பக்கம் ஒருக்காப் பாருங்கோ” என்றார். “சத்தம் சரியில்லை.”

மகள் காதை வைத்தாள். சோக்கட்டி காரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தாள்.